சேற்றின் நஞ்சை யார் அளப்பது?

2006-இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல் கிளமென்சோ குஜராத்தின் அலங் துறைக்கு வராமலேயே திரும்ப அழைக்கப்பட்டது. அன்றைய விவாதம் பெரும்பாலும் கல்நாரைச் சுற்றியே நடந்தது. கப்பல்கள் உடைபடும் கரையில் உள்ள சேற்றைப் பற்றிப் பேசியோர் சிலரே.

1983 முதல் அலங்கில் கப்பல்கள் உடைக்கப்படுகின்றன. ஆயிரக்கணக்கானோருக்கு அது வேலை, நாட்டுக்கு இரும்பு. மறுப்பதற்கில்லை. ஆனால், எண்ணெய்க் கசிவும், பழைய வண்ணப்பூச்சில் உள்ள செம்பு, காரீயம், வெள்ளீயச் சேர்மங்களும் கடலடிச் சேற்றில் படிகின்றன. இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த ஆம்பிபாட் எனும் சிற்றுயிர்கள் வாழ்வது இத்தகைய சேற்றில்தான். அவை மீன்களுக்கு இரை. அவை அழிந்தால் இழப்பு மீனவரின் வலை வரை வந்து சேரும்.

சிறுதுளி பெருவெள்ளம் என்பது நஞ்சுக்கும் பொருந்தும். இரு நஞ்சுகள் தனித்தனியே ஆபத்து அளவில் பாதியே இருந்தாலும், ஒரே வகையில் உடலைத் தாக்குபவையாயின் இரண்டும் சேர்ந்து உயிரைப் பறிக்கக்கூடும். சில சேர்க்கைகளில் விளைவு கூட்டுத்தொகையையும் மிஞ்சும்.

நமது சட்டமோ தனித்தனியாகவே கணக்கிடுகிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரங்களில், கடலில் விடும் கழிவுநீரில் செம்புக்கு லிட்டருக்கு 3 மில்லி கிராம், காரீயத்துக்கு 2 மில்லி கிராம் என வரம்பு உண்டு. கடலோர நீருக்கு ஐந்து வகைத் தரங்களும் உண்டு. சேற்றுக்கு அப்படி ஒரு தரம் இல்லை.

இத்தனைக்கும் கூட்டு நஞ்சை அளக்கும் வழி அதே விதிகளில் இருக்கிறது. கழிவுநீரில் விடப்பட்ட மீன்களில் 90 சதவீதம் 96 மணி நேரத்துக்குப் பின்னும் உயிருடன் இருக்க வேண்டும் என்கின்றன அவை. மீன் நஞ்சுகளைப் பட்டியலிடுவதில்லை. மொத்தத்துக்கும் ஒரே பதிலைச் சொல்கிறது. இதே முறையில், ஆம்பிபாட்களை 10 நாள்கள் சேற்றில் விட்டுப் பிழைத்தவற்றை எண்ணும் சோதனைக்கு அமெரிக்கா 1994-லேயே கையேடு வெளியிட்டுவிட்டது.

காம்பட் வளைகுடாவின் பேரோதம் அனைத்தையும் அலசிவிடும் என்று வாதிடலாம். அலசப்பட்ட நஞ்சு மறைவதில்லை. இடம் மாறுகிறது, அவ்வளவே.

2019 டிசம்பரில் கப்பல் மறுசுழற்சிச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஹாங்காங் உடன்படிக்கையும் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்துவிட்டது. கப்பலுக்குள் இருக்கும் ஆபத்தான பொருள்களுக்கு இனிப் பட்டியல் உண்டு. கரைச் சேற்றுக்கும் உயிர்ச் சோதனையைக் கட்டாயமாக்க மத்திய அரசுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஓர் அறிவிக்கை போதும். அதைக் கேட்டுப் பெறுவது உறுப்பினர்களின் கடமை.