கேஸ் தீர்ந்துபோகாது!

கார் ஏசியில் "கேஸ் தீர்ந்துபோச்சு" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அது பெட்ரோல் மாதிரி எரிவதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிவருவது. வருஷா வருஷம் காலியானால் எங்கோ கசிகிறது என்றே அர்த்தம்.

வாடகைக் கார் ஓட்டும் என் அப்பா மூன்று கோடையாகக் கேஸ் நிரப்பினார். கசிவை யாரும் தேடவில்லை. "தேடுற நேரத்துக்குக் கூலி தரமாட்டாங்க தம்பி, கேஸுக்குத்தான் தருவாங்க" என்றார் நான் பயிற்சிக்குப் போன ஒர்க்‌ஷாப் மேஸ்திரி. நியாயம்தான். ஆனால் தேட இவ்வளவு, நிரப்ப இவ்வளவு என்று வண்டிக்காரரிடமே கேட்கலாமே? வீணாகும் ஆர்-134ஏ, எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும்.

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். "நீயாவது பாரேன்" என்றார் அப்பா. காலியாய்க் கிடந்த ஏசியில் நைட்ரஜன் ஏற்றி, மூட்டுக்கு மூட்டு சோப்புத் தண்ணீர் தடவினேன். ஒன்றுமில்லை. (லேபில் எல்லாம் கண்ணெதிரே இருக்கும், காரில் படுத்துத்தான் பார்க்கணும்!) கண்டென்சரின் அடி மூலையில் எண்ணெய்ப் பிசுக்கு, அதில் அப்பிய புழுதி. கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் வெளியேறுமல்லவா? அங்கே தடவியதும் பொடிப்பொடியாய்க் குமிழி.

அப்பா குனிந்து பார்த்தார். "இந்த ஊசி ஓட்டைக்கா மூணு வருஷம் அழுதேன்?" என்றார்.