விளையும் பயிர் முளையிலே தெரியுமா?

“விளையும் பயிர் முளையிலே தெரியும்” என்னும் பழமொழியைக் கேளாத மாணவி நம் பள்ளியில் ஒருத்திகூட இருக்க மாட்டாள். மதிப்பெண் பட்டியல் வீட்டுக்கு வரும் நாளெல்லாம் அது நம் காதில் விழும். ஆனால் விண்வெளியில் பயிர் செய்து பார்த்த விஞ்ஞானிகளின் அனுபவமோ வேறு. முளைப்பது எளிது, மணி பிடிப்பதே அரிது என்பதை அவர்கள் கண்டார்கள். முளையைக் கண்டதும் கைதட்டி முடித்துவிடுவதும், மணி பிடிக்காவிட்டால் உடனே விதையைப் பழிப்பதும் சரியல்ல என்பதே என் கருத்து.

விதையை எப்படிப் போட்டாலும் வேர் கீழே போகிறது, தண்டு மேலே வருகிறது. எது கீழ், எது மேல் என்று அதற்கு யார் சொன்னது? 1806-ஆம் ஆண்டில் தாமஸ் நைட் என்னும் ஆங்கிலேயர், நீரால் சுழலும் சக்கரம் ஒன்றில் விதைகளைக் கட்டிச் சுழலவிட்டார். வேர்கள் சக்கரத்தின் வெளிப்புறமாகவும், தண்டுகள் மையத்தை நோக்கியும் வளர்ந்தன. ஆக, செடி விசையை உணர்கிறது என்பது தெளிவாயிற்று. வேரின் நுனியில்தான் அந்த உணர்வு இருக்கிறது என்று சார்லஸ் டார்வின் 1880-இல் எழுதினார். நுனியிலுள்ள உயிரணுக்களில் கனமான மாவுமணிகள் அடியில் படிகின்றன. அவை படியும் பக்கமே செடிக்குக் ‘கீழ்’ ஆகும்.

விண்வெளி நிலையத்தில் புவியீர்ப்பே இல்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்திலும் புவியீர்ப்பு ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. நிலையமும் அதிலுள்ள பொருள்களும் சேர்ந்து ஓயாமல் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால் எடை தெரிவதில்லை. அங்கே மாவுமணிகள் அடியில் படியா. வேருக்குக் கீழும் இல்லை, மேலும் இல்லை. ஆயினும் செடி சோர்ந்துவிடுவதில்லை. ஒளியை வழிகாட்டியாகக் கொண்டு, தண்டு விளக்கை நோக்கியும் வேர் விளக்கை விட்டு விலகியும் வளர்கின்றன.

இனி, இனப்பெருக்கத்தின் கதையைப் பார்ப்போம். 1996-இல் ரஷ்யாவின் மீர் விண்வெளி நிலையத்தில், ஷானன் லூசிட் என்னும் அமெரிக்கப் பெண்மணி குட்டை ரகக் கோதுமையை விதைத்தார். பயிர் செழித்தது. 300-க்குச் சற்றுக் குறைவான கதிர்கள் வந்தன. ஆண்டு முடிவில் அறுவடை செய்து பூமிக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தபோது, ஒரு கதிரிலும் ஒரு மணிகூட இல்லை. அத்தனையும் பதர்! நம் ஊர் உழவர் யாரும் அந்த ஏமாற்றத்தைச் சொல்லாமலே அறிவார்.

எடையின்மைதான் காரணம் என்று தீர்ப்பு எழுதிவிடுவது எளிதாக இருந்திருக்கும். ஆனால் விஞ்ஞானிகள் மேலும் ஆராய்ந்தார்கள். நிலையத்தின் காற்றில் எத்திலீன் என்னும் வாயு கலந்திருந்தது. பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு மட்டுமே! வாழைத்தாரைப் புகை மூட்டிப் பழுக்க வைக்கிறார்களே, அந்தப் புகையில் இருக்கும் அதே வாயுதான். பூமியிலேயே கோதுமைக்கு அந்த அளவு எத்திலீனைக் கொடுத்துப் பார்த்தார்கள். இங்கும் கதிர் பதராயிற்று. பிறகு, அந்த வாயுவைத் தாங்கும் வேறொரு ரகத்தை மீரிலேயே விதைத்தபோது மணி பிடித்தது.

1993-இல் அமெரிக்க விண்ணோடத்திலும் இதைப் போன்ற ஒரு தோல்வி நேர்ந்தது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடி பூத்தும், மகரந்தம் உருவாகவில்லை, விதை வைக்கவில்லை. பூமியில் சூடான காற்று லேசாகி மேலே எழும், குளிர்ந்த காற்று அதன் இடத்துக்கு வரும். எடையில்லாத இடத்தில் அந்த ஓட்டம் கிடையாது. மூடிய பெட்டிக்குள் இலையைச் சுற்றி நின்ற காற்று நின்றபடியே இருந்ததால், செடிக்குக் கரியமிலவாயு போதவில்லை. 1994-இல் பெட்டிக்குள் காற்றோட்டம் உண்டாக்கியதும் அதே செடி விதை வைத்தது. 1997-இல் மீரில் மைக்கேல் ஃபோல் என்பவர், கடுகின் உறவான ஒரு செடியின் பூக்களுக்குத் தேனீயின் வேலையைத் தம் கையாலேயே செய்தார். அதில் விளைந்த விதையை அங்கேயே மீண்டும் விதைத்து, அடுத்த தலைமுறைச் செடியையும் கண்டார்.

பார்த்தீர்களா? இரண்டு தோல்விகளிலும் விதையில் குற்றமில்லை. சுற்றியிருந்த காற்றில்தான் குறை இருந்தது.

“பூமியில் வயல்கள் காய்ந்து கிடக்கையில் விண்வெளியில் பயிர் எதற்கு?” என்று பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பூமியில் எடை, காற்றோட்டம், ஈரம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. எடையை மட்டும் எடுத்துவிட்டுப் பார்க்கும்போதுதான் எது எதற்கு உதவுகிறது என்று தெரிகிறது. மேலும், அசையும் காற்றும் மண்ணும் தேனீயும் இங்கே நமக்கு விலையின்றிக் கிடைக்கின்றன. அங்கே அவை ஒவ்வொன்றுக்கும் ஓர் இயந்திரம் வேண்டும், அல்லது ஒரு மனிதரின் கை வேண்டும். பூமியைக் கெடுத்துவிட்டு வேறு கோளில் குடியேறலாம் என்று பேசுவோர், முதலில் அந்தப் பதர்க் கதிர்களை எண்ணிப் பார்க்கட்டும்.

2019 ஜனவரியில் சீனா நிலவுக்கு அனுப்பிய கலத்தில் ஒரு பருத்தி விதை முளைத்தது. உலகமே வியந்தது. சில நாட்களில் நிலவின் இரவுக் குளிரில் அது மடிந்தது. 2024 டிசம்பர் 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட நம் நாட்டு ராக்கெட்டில் சென்ற எட்டுக் காராமணி விதைகள் நான்கே நாளில் முளைத்து, பின் இலையும் விட்டன. அதைக் கேட்டு நானும் பெருமைப்பட்டேன். ஆனால் நம் காராமணி பூத்து, காய்த்து, அந்தக் காயின் விதை மறுபடி முளைக்கும் நாளுக்காகவே நான் காத்திருப்பேன்.

இறுதியாக, பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் எங்களில் பலரைப் பார்த்து, “இவளுக்குப் படிப்பு வராது, முளையிலேயே தெரிந்துவிட்டது” என்று சொல்லிவிடுகிறார்கள். படிக்க ஓர் அமைதியான மூலை இருந்ததா, வீட்டு வேலை முடிந்தபின் பொழுது மிஞ்சியதா, ஐயத்தைக் கேட்க ஆள் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. விதையைத் தூக்கி எறிவதற்கு முன், அந்த விஞ்ஞானிகளைப் போல, சுற்றியுள்ள காற்றைச் சற்றுச் சோதித்துப் பாருங்கள். அதை மாற்றியபின் அதே செடிதான் விதை வைத்தது.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி