மின்னுவதெல்லாம் மெருகன்று



பழைய கைக்கடிகாரத்தைப் புதியதுபோல் ஆக்கித் தருவதாக ஒரு கடைக்காரர் கூறினால், அவரிடம் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. "எந்தப் பகுதியைப் பளபளப்பாக்குவீர்கள்? எந்தப் பகுதியைக் கோட்டு மெருகாகவே விட்டுவைப்பீர்கள்?" இதற்கு விடை கூற இயலாதவரிடம் கடிகாரத்தை ஒப்படைக்கலாகாது என்பது என் கருத்து.

கோட்டு மெருகு என நான் குறிப்பது, கடைகளில் 'பிரஷ்டு ஃபினிஷ்' என்று வழங்கப்படுவதை. மின்தூக்கியின் எஃகுக் கதவைக் கூர்ந்து நோக்குங்கள். மயிரிழை போன்ற கோடுகள் ஒரே திசையில் ஓடுவதைக் காணலாம். எஃகுக் கடிகாரங்கள் பலவற்றின் மேற்பரப்பும் இவ்வாறே இழைக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டுப் பகுதியோ கண்ணாடிபோல் மின்னும். இவ்விரண்டும் சந்திக்கும் கூரிய விளிம்பில்தான் கடிகாரத்தின் அழகு நிற்கிறது. சைக்கோ நிறுவனத்தின் வடிவமைப்பாளர் தாரோ தனாக்கா 1960-களில் இவ்விளிம்புகளையும் தட்டையான பரப்புகளையும் வைத்தே ஒரு வடிவமைப்பு நெறியை வகுத்தார். 1967-இல் வெளிவந்த கிராண்ட் சைக்கோ 44ஜிஎஸ் அதற்குச் சான்று. 1972-இல் சுவிட்சர்லாந்தின் ஓடமார் பிகே நிறுவனம் வெளியிட்ட 'ராயல் ஓக்' கடிகாரமும் எஃகின் கோட்டு மெருகைப் பொன்னுக்கு நிகராக மதிக்கச் செய்தது.

நம் தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்திற்கும் இதற்கும் என்ன தொடர்பு என நீங்கள் வினவலாம். தொடர்பு உண்டு. தோட்டத்தை விட்டு இங்குள்ள தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த தலைமுறை இப்போது ஓய்வு பெற்று வருகிறது. நெடுநாள் சேவைக்காகப் பெற்ற கடிகாரம் பல வீடுகளின் அலமாரிகளில் உறங்குகிறது. சென்ற ஆண்டு ஒரு மாணவியின் தாயார், மறைந்த தம் தந்தையாரின் கடிகாரத்தை என்னிடம் காட்டினார். மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக அளிக்க எண்ணி அதனை ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். மெருகுச் சக்கரத்தில் முழுவதுமாகத் தேய்த்துத் தந்துவிட்டார்கள். கடிகாரம் மின்னியது. ஆனால், விளிம்புகள் வாயிலிட்ட மிட்டாய்போல் மழுங்கிக் கிடந்தன. பின்மூடியில் பொறித்திருந்த பெயரும் ஆண்டுகளும் பாதி அழிந்துபோயின. "அப்பா கையில இருந்த மாதிரியே இல்லைங்க சார்," என்றார் அந்த அம்மா. தேய்த்த எஃகை மீண்டும் ஒட்டவைப்பது எளிதன்று.

கூட்டை மாற்றிவிடலாமே என்பாரும் உளர். பழைய கடிகாரங்கள் பலவற்றுக்கு அது நடவாது. உறவினர் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த எச்.எம்.டி. கடிகாரங்களை எண்ணிப் பாருங்கள். 1961-இல் பெங்களூரில் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு தொடங்கிய அக்கடிகாரத் தொழிலை மூட 2016-இல் இந்திய அரசு முடிவு செய்தது. கையில் இருக்கும் கூட்டைக் காப்பதே அறிவுடைமை.

அவ்வாறெனில் கீறல்களை என்ன செய்வது? இங்கே சிறிது அறிவியல் தேவைப்படுகிறது. ஒரே திசைக் கோடுகள் ஒளியை ஒரே ஒழுங்கில் சிதறச் செய்கின்றன. குறுக்கே விழுந்த கீறல் அவ்வொழுங்கைக் குலைப்பதால் கண்ணில் படுகிறது. கோட்டின் போக்கிலேயே விழுந்த கீறலோ எளிதில் தெரிவதில்லை. ஆகவே, ஆழக் கீறலை அடியோடு நீக்க முயல வேண்டியதில்லை. கோடுகளின் ஒழுங்கை மீட்டாலே போதும். கீறல் தானே அடங்கித் தோன்றும்.

செய்முறையைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. உலோகத்தை அறிக. பின்மூடியில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று மட்டும் இருந்தால், மூடி மட்டுமே எஃகு என்று பொருள் கொள்ளலாம். கூடு பூச்சிட்ட பித்தளையாக இருக்கக்கூடும். விளிம்பில் மஞ்சள் நிறம் தலைகாட்டுகிறதா எனப் பாருங்கள். பூச்சிட்ட கூட்டையும் கறுப்புப் பூச்சுடைய கூட்டையும் தேய்க்கவே கூடாது.

2. திசையை அறிக. சன்னலோரம் அமர்ந்து, உருப்பெருக்கியின் கீழ்க் கடிகாரத்தை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கோடுகள் நீளவாக்கில் ஓடலாம்; நடுவிலிருந்து கதிர்போல் விரியலாம்; வட்டமாகவும் சுற்றலாம். நீளவாக்கில் நேராக ஓடுவதை மட்டுமே வீட்டில் முயலுங்கள்.

3. வாரைக் கழற்றுங்கள். கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து உள்ளிருக்கும் இயந்திரத்தை வெளியே எடுத்துக்கொள்வது மிக நன்று. இயலாவிடில் சாவித்திருகையும் கண்ணாடியையும் பின்மூடியையும் ஒட்டுத்தாளால் நன்கு மூடுங்கள். எஃகுத் தூள் உள்ளே புகுந்தால் இயந்திரம் கெடும்.

4. பளபளப்பான பகுதிகளை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுத்தாளால் மறையுங்கள். விளிம்பில் ஒரு மயிரிழையும் பிசகக் கூடாது.

5. பாத்திரம் துலக்கும் பச்சை நைலான் நாரைச் சிறு மரக்கட்டையில் தட்டையாகச் சுற்றுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே இழுப்பு. பின்னர்க் கையைத் தூக்கி, தொடக்கத்திற்கு வந்து, மீண்டும் ஓர் இழுப்பு. முன்னும் பின்னுமாகத் தேய்த்தலாகாது. கோடுகள் ஆழமாக இருந்தால் 600-ஆம் எண் மணல்தாளை, அதாவது உப்புத்தாளை, முதலில் பயன்படுத்தலாம்.

6. ஐந்தாறு இழுப்புக்கு ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். ஒழுங்கு மீண்டதும் நிறுத்திவிடுங்கள்.

இரும்புக் கம்பி நாரைத் தொடாதீர்கள். அதன் துகள்கள் எஃகில் ஒட்டிக்கொண்டு, ஈரம் மிக்க நம் நாட்டில் விரைவில் துருப்பிடிக்கும். எவர்சில்வர் பாத்திரங்களில் தோன்றும் செம்புள்ளிகளுக்கு இதுவும் ஒரு காரணம். எதற்கும் முதலில் ஒரு பழைய எஃகுக் கரண்டியின் காம்பில் பழகிப் பாருங்கள்.

இந்தக் கரண்டிப் பயிற்சியைத்தான் ஆசிரியர்களிடம் வலியுறுத்த விரும்புகிறேன். வாழ்வியல் திறன் என்றும், பின்னர் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்றும் நம் பள்ளிகளில் கைவேலைக்கு ஒரு பாடம் இருந்து வந்துள்ளது. அதில் மாணவர்கள் பெரும்பாலும் புதிய பொருளையே செய்கிறார்கள். பழைய பொருளைப் பேணுவதற்கு எத்தனை பாடவேளை ஒதுக்கினோம்? ஆளுக்கொரு கரண்டி, ஒரு துண்டு நைலான் நார், சிறிது ஒட்டுத்தாள். ஒரு வகுப்பிற்கு இருபது வெள்ளிகூடத் தேவைப்படாது. ஒளி எதிரொளிப்பு, உலோகத்தின் தன்மை, பொறுமை, எவ்விடத்தில் நிறுத்துவது எனும் தெளிவு யாவும் அவ்வொரு பாடவேளையில் கிட்டும். மறுநாள் ஏதேனும் ஒரு மாணவன் தாத்தாவின் கடிகாரத்தைப் பற்றி வீட்டில் கேட்பான் என்பது உறுதி.

கைப்பேசியே மணி காட்டும்போது பழைய கடிகாரம் எதற்கு என்பது சிலரின் வாதம். மணி பார்க்க அது தேவையில்லைதான். ஆனால், முப்பது ஆண்டுகள் ஒருவரின் மணிக்கட்டில் இருந்து உழைத்த பொருள் அது. அதிலுள்ள ஓர் ஆழக் கீறல், அவர் இயக்கிய இயந்திரத்தில் பட்டதாக இருக்கலாம். அதை விட்டுவைப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை.

ஆதலால் பெற்றோர்களே, வரும் பள்ளி விடுமுறையில் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். கடிகாரம் கிடைத்தால், பின்மூடியின் எழுத்துகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து படியுங்கள். நிழற்படம் எடுத்து வையுங்கள். கடைக்குக் கொண்டுசெல்வதாயின், "பின்மூடியைத் தொட வேண்டாம், சக்கரத்தில் இட வேண்டாம்" எனத் தாளில் எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்.