உடைந்த ஹார்டு டிஸ்க்கும் சாட்சியமும்

புதுடில்லி: கல்பனா சாவ்லா உள்ளிட்ட 7 பேரை 2003-ல் பலிகொண்ட கொலம்பியா விண்கலத்தின் சிதைவுகளில் கிடைத்த கருகிய ஹார்டு டிஸ்க்கில் இருந்து சுமார் 99 சதவீதத் தகவல்கள் மீட்கப்பட்டன. உள்ளிருந்த தட்டுகள் தப்பியதே காரணம்.

வழக்குகளில் கைப்பற்றப்படும் சேதமடைந்த டிஸ்க்குகளுக்கும் இதுவே விதி. 'ஓடுகிறதா பார்க்கலாம்' என ஒருமுறை இயக்கினாலே, பழுதான ஹெட் தட்டைச் சுரண்டிவிடும். காந்தப் பூச்சோடு சாட்சியமும் போகும். 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவு, மின்னணு ஆவணத்துக்கு நிபுணர் சான்றும், அது மாற்றப்படவில்லை எனக் காட்டும் 'ஹாஷ்' மதிப்பும் கேட்கிறது. நியாயமே. ஆனால், தூசியற்ற அறையில் ஹெட்டை மாற்றி நகலெடுத்த பிறகுதானே அதைக் கணக்கிட முடியும்?

அதுவரை மின் இணைப்பு தரக்கூடாது என உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு ஒரு வரி எழுதலாம். அதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை.