கரைவலைக் கணக்கு

உடப்புக் கடற்கரையிலே கரைவலை இழுத்து முடிந்தபின் நிகழ்வதை நேயர்கள் கவனித்ததுண்டா? மீன் விலைபோனதும் செலவைக் கழித்துப் பங்கு பிரித்தாக வேண்டும். அக்கணக்கைச் சம்மாட்டியொருவருக்காகப் பல்லாண்டு எழுதிவந்த என் பழைய மாணவன், உயர்தரத்திலே தவறியவன், "ஐயா, வணிக நிருவாகம் படிக்க இனி வழியுண்டோ?" என வினவினான்.

உண்டு. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் எழுந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பொறுப்பிலுள்ள தேசிய தொழிற்றகைமை 7 படிகளையுடையது. 4 வரை சான்றிதழ். 5, 6 டிப்ளோமா. 7 பட்டத்துக்கு நிகர். வகுப்பிலன்றி வேலையிலே கற்றதையும் சோதித்து ஏற்கும் முறை அதிலுண்டு. இதனை நம்மவர் பலர் அறியார்.

"கணக்குக் கொப்பியைக் கொண்டு வா" என்றேன். உப்புநீர் பட்டுப் பக்கங்கள் ஒட்டிக்கிடந்தன. கூட்டற்பிழை ஒன்றேனும் கண்டிலேன்.

தந்தையாரோ, "கடலுக்கு ஆளில்லையே" என்கின்றாராம். வியாழக்கிழமை அவரைக் காணச் செல்கின்றேன்.