ஜெர்மனிக்குப் போகும் அறிக்கை துத்திப்பட்டுக்கு வராதா?

ஆம்பூரில் என் உறவினர் வீடு ஒன்றுக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். அந்த வீட்டுப் பெண் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் பிரிவில் வேலை செய்கிறார். அவர் பேச்சுவாக்கில் ஒரு செய்தி சொன்னார். இப்போதெல்லாம் வெட்டிய தோல் கட்டுக்கட்டாக மேசைக்கு வரும்போது ஒவ்வொரு கட்டிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்குமாம். அதை ஸ்கேன் செய்த பிறகே தையலைத் தொடங்க வேண்டும். "அந்த ஸ்டிக்கர் கிழிஞ்சு போச்சுன்னா அந்தக் கட்டையே ஒதுக்கி வெச்சிடுவாங்க மாமா" என்றார். தோல் எந்த டேனரியில் பதனிடப்பட்டது, எந்தத் தேதியில் வந்தது, எந்த லாட் என்பதெல்லாம் அந்தச் சிறு காகிதத்தில் அடங்கியிருக்கிறது.

பேசிக்கொண்டே அவர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். கேன் தண்ணீர். வீட்டுக்குப் பின்னால் அவருடைய மாமனார் காலத்துக் கிணறு இருக்கிறது. அதன்மேல் கருங்கல் பலகை போட்டு மூடி, அதில் துணி துவைக்கும் சோப்புப் பெட்டியை வைத்திருக்கிறார்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கடைசியாக யாராவது சோதித்தார்களா என்பதும் தெரியவில்லை. தோலுக்கு முகவரி இருக்கிறது, தண்ணீருக்கு இல்லை. ஊர் திரும்பும் வழி முழுவதும் இந்த முரண்தான் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்கள் நம் பகுதித் தொழிற்சாலைகளிடம் கேட்கும் தகவல்களின் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு நீள்கிறது. 'லெதர் ஒர்க்கிங் குரூப்' என்னும் பன்னாட்டு அமைப்பு தோல் தொழிற்சாலைகளைத் தணிக்கை செய்து தங்கம், வெள்ளி, வெண்கலம் எனத் தரம் பிரிக்கிறது. தண்ணீர், மின்சாரம், ரசாயனம், கழிவு என்று எல்லாக் கணக்கையும் அது கேட்கிறது. ஆம்ஸ்டர்டாமைத் தலைமையிடமாகக் கொண்ட 'இசட்.டி.எச்.சி.' என்னும் அமைப்பு, தீங்கான ரசாயனங்களை உற்பத்தியிலிருந்து முற்றாக நீக்குவதற்காகப் பெரிய ஆடை, காலணி நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது. அதன் திட்டத்தில் சேர்ந்த உற்பத்தியாளர்கள் கழிவுநீரை ஆண்டுக்கு இருமுறை ஆய்வகத்தில் சோதித்து, முடிவை இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும். சரக்கு வாங்கும் நிறுவனங்கள் அதைத் தங்கள் அலுவலகத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் விஞ்சுவது ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்பு ஒழுங்குமுறை. 2023இல் இயற்றப்பட்ட இந்தச் சட்டத்தின் பட்டியலில் காப்பி, ரப்பர், சோயா ஆகியவற்றோடு மாடும் மாட்டுத்தோலும் உள்ளன. அந்த மாடு வளர்ந்த நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக்கூட இறக்குமதியாளர் காட்டியாக வேண்டும். நடைமுறைக்கு வரும் தேதி ஒருமுறைக்கு இருமுறை தள்ளிப்போடப்பட்டது. 2025 மே மாதம் வெளியான தரவரிசையில் இந்தியா 'குறைந்த ஆபத்து' நாடுகளில் சேர்க்கப்பட்டது. ஆயினும் இடக்குறிப்பு கேட்பதிலிருந்து விலக்கு இல்லை.

இதை எப்படித் தருவது என்பது வேடிக்கையான கேள்வி. பிரேசிலில் பல்லாயிரம் ஏக்கர் பண்ணையில் மேயும் மாட்டுக்கு எழுதப்பட்ட சட்டம் இது. நம் ஊரில் இரண்டு மாடு வைத்திருப்பவர் காலையில் அவற்றை ஏரிக்கரையில் கட்டுவார், மாலையில் வீட்டு வாசலில் கட்டுவார். கறவை வற்றினால் சந்தைக்குப் போகும். அங்கிருந்து தரகர், இன்னொரு சந்தை, வேறு மாநிலம் எனக் கைமாறிய பிறகு தோலாகி மண்டிக்கு வரும். 'பாரத் பசுதன்' திட்டத்தில் மாட்டின் காதில் 12 இலக்க எண் கொண்ட மஞ்சள் வில்லை மாட்டப்படுகிறது. அதில் தடுப்பூசி முதல் சினைப்பருவம் வரை பதிவாகிறது. ஆனால் அந்த எண் மாட்டோடு முடிந்துவிடுகிறது, தோலோடு சேர்ந்து வருவதில்லை. மாட்டைப் பற்றிய அரசியல் நம் நாட்டில் இருக்கும் நிலையில், எந்த மாடு எங்கே வெட்டப்பட்டது என்பதை எழுத்தில் வைக்க எந்த வியாபாரி முன்வருவார் என்பதையும் ஜெனீவாவிலோ பிரஸ்ஸல்ஸிலோ அமர்ந்திருப்பவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

இருந்தாலும் நம் தொழிலதிபர்கள் இதற்கெல்லாம் தயாராகிறார்கள். வேறு வழியில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீதான கூடுதல் வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, ஒரே சந்தையை நம்பியிருப்பதன் ஆபத்து ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் ஒரே நாளில் புரிந்தது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்கான தண்டனையை ஷூ தைக்கும் பெண்ணின் மிகைநேர ஊதியத்தில் பிடித்தார்கள் என்று சொன்னாலும் மிகையாகாது. வாஷிங்டன் கதவைச் சாத்தினால் ஐரோப்பாவின் கதவைத் தட்ட வேண்டும். ஐரோப்பாவின் கதவில் தகவல் என்னும் பூட்டு தொங்குகிறது. ஆகவே ஸ்கேனர் வந்தது, ஸ்டிக்கர் வந்தது, தணிக்கையாளருக்குக் கொடுக்கும் கட்டணமும் வந்தது.

இதில் எனக்கு வருத்தமில்லை. வாங்குபவர் கேட்டால் ஒரு தொழிற்சாலையால் தன் கழிவுநீர்க் கணக்கைத் துல்லியமாகத் தர முடியும் என்பது இதனால் நிரூபணமாகிவிட்டது. அப்படியானால் பக்கத்து ஊர்க்காரர் கேட்டால் மட்டும் ஏன் தர முடியாது என்பதே என் கேள்வி.

கொஞ்சம் பழைய கதையைச் சொல்ல வேண்டும். இந்தப் பகுதி ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்டது. மெதுவான வேலை, வாரக்கணக்கில் ஆகும். பாதி பதனிட்ட அந்தத் தோலைக் கப்பலேற்றுவதால் நாட்டுக்கு லாபம் குறைவு என்று 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழு சொன்னது. முழுமையாகப் பதப்படுத்திய தோலும் காலணியும் ஏற்றுமதியாக வேண்டும் என்றது மத்திய அரசு. பொருளாதாரக் கணக்கில் அது சரியான முடிவு. இன்று ஆயிரக்கணக்கான பெண்கள் கம்பெனி வேனில் ஏறி வேலைக்குப் போவதற்கு அதுவே விதை. ஆனால் வேகமும் அளவும் வேண்டுமென்றால் குரோமியம் வேண்டும். குரோமியப் பதனிடல் பெருகிய அளவுக்கு, அதன் கழிவை என்ன செய்வது என்று அன்றைக்குத் திட்டமிடவில்லை. பாலாறு பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் ஆறு. மேலே தண்ணீர் ஓடாவிட்டாலும் அடியில் ஊறும். எனவே ஊற்றிய கழிவு கடலுக்குப் போகாமல் கிணற்றுக்குப் போனது.

1991இல் வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பை இந்தியாவில் சட்டம் படிக்கும் மாணவர் எல்லோரும் படிக்கிறார்கள். 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்', 'முன்னெச்சரிக்கை' ஆகிய இரு கோட்பாடுகளும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் தேவைப்படுகிறது என்பதும், தோல் தொழில் நடக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு லாயக்கற்றதாகிவிட்டது என்பதும் அதில் பதிவாகியுள்ளன. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. (2024இல் நாடாளுமன்றம் திருத்திய தண்ணீர்ச் சட்டத்தில் அபராதத்தின் கீழ்வரம்பும் அதே 10,000 ரூபாய்தான். 28 ஆண்டுகளில் ஆம்பூரில் ஒரு தட்டு பிரியாணியின் விலை எத்தனை மடங்கு ஏறியது என்று வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.)

இழப்பீட்டுக்காக அமைக்கப்பட்ட ஆணையம் ஏறத்தாழ 29,000 பேரைப் பாதிக்கப்பட்டவர்களாகக் கண்டறிந்து 2001இல் தீர்ப்பளித்தது. பிறகும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு மீண்டும் தீர்ப்புச் சொன்னது. விடுபட்டவர்களுக்கு அரசே முதலில் இழப்பீடு கொடுத்துவிட்டுப் பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டு, வழக்கைத் தன் கண்காணிப்பிலேயே வைத்துக்கொண்டது. மனுப் போட்ட ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது ஏறக்குறைய 34.

இடைப்பட்ட காலத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. ஆம்பூரில் துத்திப்பட்டு, மாளிகைத்தோப்பு, வாணியம்பாடிப் பகுதியில் வளையாம்பட்டு, உதயேந்திரம் என்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. பின்னர் 'ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது' என்ற நிபந்தனையும் வந்தது. கழிவுநீரைச் சவ்வு வழியே வடிகட்டி நல்ல நீரைத் தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்புகிறார்கள், மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக்குகிறார்கள். இதற்கு ஆகும் மின்கட்டணம் சிறிதன்று. பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் சிறிய டேனரிக்காரர் ஒருவர் கணக்கு நோட்டைத் திறந்து காட்டியபோது அவர் மீது எனக்குப் பரிதாபமே வந்தது. விதியை மீறாமல் நடத்துபவர், மீறி நடத்துபவரோடு ஒரே விலைக்குப் போட்டி போட வேண்டியிருக்கிறது. தகவல் வெளிப்படையாக இருந்தால் முதலில் பயன்பெறுபவர் அவர்தான். இதைப் பல உரிமையாளர்கள் உணர்வதில்லை.

கண்காணிப்புக் கருவி இல்லையா என்றால் இருக்கிறது. மாசு மிகுந்த தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இணையவழியில் தொடர்ந்து அளவிடும் கருவியைப் பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் உத்தரவிட்டது. கழிவை வெளியேற்றாத நிலையங்களில் நீர் ஓட்டமானியும் கேமராவும் வைக்க வேண்டும். 2017 பிப்ரவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், இந்த அளவீடுகளை மாநில வாரியங்களின் இணையதளத்தில் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்றது. ஆக, உரிமை இருக்கிறது, கருவியும் இருக்கிறது. ஆனால் கருங்கல் பலகை போட்டு மூடிய கிணற்றின் சொந்தக்காரருக்கு அது எந்தத் திரையில், எந்த மொழியில், என்ன பொருளில் தெரிகிறது?

கேமராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேமரா தான் பார்க்க வைக்கப்பட்ட குழாயை மட்டுமே பார்க்கும். மழைக்காலத்தில் ஆம்பூர்ப் பகுதிப் பாலாற்றில் நுரை பொங்கி நிற்கும் படம் பத்திரிகைகளில் வருவது புதிதன்று. அந்த நுரை கேமரா இருக்கும் குழாய் வழியாக வந்திருக்காது. கருவிகளைப் பெருக்கினால் போதும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லாததற்குக் காரணம் இதுவே.

அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு அளவுக்கு உப்பு போடுகிறார்கள். தட்டி உதிர்த்தது போக மிச்ச உப்பு ஊறவைக்கும் தண்ணீரில் கரைகிறது. உப்பு ஆவியாகிப் போகாது, மக்கிப் போகாது, எந்த நுண்ணுயிரும் அதைத் தின்னாது. ஓர் உதாரணத்துக்கு, நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர் கழிவுநீர் வருகிறது, லிட்டருக்கு 8 கிராம் உப்பு இருக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் தினமும் 8 டன் உப்பு வந்து சேர்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தின் கிடங்கில் தினமும் அதே அளவு உப்பு சேர வேண்டும். 5 டன்தான் சேர்கிறது என்றால் மீதி 3 டன் எங்கே என்று கேட்கலாம். இதற்குச் செயற்கை நுண்ணறிவு வேண்டாம். பிளஸ் டூ படித்த பிள்ளை போதும். சேர்ந்த உப்பையும் என்ன செய்வது என்பது தனித் தலைவலி. பல உப்புகள் கலந்த அந்தக் குவியலை வாங்குவாரில்லை, மழையில் கரைந்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

வெளியிட்டால் போட்டியாளருக்கு ரகசியம் தெரிந்துவிடும், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்று ஓர் ஆட்சேபம் வழக்கமாக எழுகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளரிடம்தான் ஏற்கெனவே எல்லாம் இருக்கிறதே! தங்கப் பதக்கம் வாங்கிய டேனரிகளின் பெயரைத் தணிக்கை அமைப்பே தன் இணையதளத்தில் போட்டிருக்கிறது. மறைப்பதாக நாம் நினைப்பது நம்மூர்க்காரரிடமிருந்து மட்டுமே மறைந்திருக்கிறது. மேலும், ஐரோப்பிய அதிகாரிக்கு நம் பாலாறு ஒரு படிவத்தின் ஒரு கட்டம். 2025 பட்ஜெட்டில் குரோமியம் ஏற்றிய 'வெட் புளூ' தோலின் இறக்குமதி வரி முழுமையாக நீக்கப்பட்டது. அப்படி வரும் தோலுக்கு உப்பும் குரோமியமும் வேறொரு நாட்டு ஆற்றோரத்தில் இறங்கியிருக்கும். நம் ஆறு பிழைக்கும், இன்னோர் ஊர்க் கிணறு மூடப்படும். வாங்குபவரின் அறிக்கையை மட்டும் நம்பினால் இப்படி இடம் மாறுமே தவிரத் தீராது.

அரசியல்வாதிகளைக் குறை சொல்வது எளிது. தோல் தொழிலாளியின் வாக்கும் பாலாற்று விவசாயியின் வாக்கும் பல வீடுகளில் ஒரே ரேஷன் அட்டையில் இருப்பதால் தேர்தல் மேடையில் எல்லாக் கட்சிகளும் 'தொழிலையும் காப்போம், ஆற்றையும் காப்போம்' என்று முடித்துக்கொள்கின்றன. எண்ணைச் சொன்னால் யாராவது ஒருவர் கோபிப்பார். ஆகவே எண் வருவதில்லை. 2019இல் திருப்பத்தூர் தனி மாவட்டமானபோது ஆட்சியர் அலுவலகம் அருகில் வந்தது என்று மகிழ்ந்தோம். அலுவலகத்தோடு கணக்கும் அருகில் வந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அவற்றில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். சுத்திகரிப்பு நிலையம் உள்ள ஒவ்வொரு ஊராட்சியிலும் அன்றைக்குத் தமிழில் ஒரே ஒரு தாள் வாசிக்கப்பட வேண்டும். வாரியத்தின் வாணியம்பாடி மாவட்ட அலுவலகப் பொறியாளர் வந்து வாசித்தால் இன்னும் நல்லது. கேட்பவை நான்கு எண்கள்தாம்: கடந்த ஆண்டு நிலையத்துக்கு வந்த கழிவுநீர் எத்தனை லிட்டர், அதில் கரைந்திருந்த உப்பு எத்தனை டன், கிடங்கில் சேர்ந்த உப்பு எத்தனை டன், ஊரின் பத்துக் கிணறுகளில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம். குடிநீருக்கு ஏற்கத்தக்க அளவு 500, வேறு வழியில்லாதபோது 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். இதையும் தாளின் அடியில் அச்சிட்டுவிட்டால் விளக்கவுரை தேவைப்படாது.

என் உறவினரின் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்து ஆய்வகத்தில் கொடுத்திருக்கிறேன். முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். பாட்டிலின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி, ஊர் பெயரும் தேதியும் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.