பருந்து பார்க்க மலையேறும் கூட்டம்

'அமெரிக்காவில் காசு கொடுத்துப் பருந்து பார்க்கிறார்களாமே? இங்கே அது கோழிக்குஞ்சையல்லவா தூக்குகிறது!'
- வாசகி, உத்திரமேரூர்.

உண்மைதான். பென்சில்வேனியா மாநிலத்தில் 'ஹாக் மவுண்டன்' என்றொரு மலை. செப்டம்பர் நடுவில் அகலச் சிறகுப் பருந்துகள் அந்த வழியாகத்தான் தென்னமெரிக்காவுக்குப் போகும். வெயிலில் எழும் சூடான காற்றில் வட்டமடித்து மேலேறி, சிறகடிக்காமலே சறுக்கிப் போகும். பாறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணுவார்கள்.

முன்பு அதே மலையில் துப்பாக்கியோடு நின்றார்கள். கோழித் திருடன் என்று பேர் வைத்துச் சுட்டுக் குவித்தார்கள். 1934-ல் ரோசலி எட்ஜ் என்ற அம்மையார் மலையைக் குத்தகைக்கு எடுத்துக் காவலாள் போட்டார். சுடுவது நின்றது. இன்றும் அது தனியார் சரணாலயம்தான்.

அந்தப் பருந்து தின்பது எலி, தவளை, பூச்சி. நம் ஊர்ப் பருந்தும் எலி பிடிக்கும்; அடித்தால் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சின்னக் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் அடையுங்கள். மேயும் இடத்துக்கு மேலே பழைய மீன்வலையைக் கட்டுங்கள்.